புள்ளிக்குப் பின்னால் ஓர் ஊர்

செங்கம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் என் அலுவலகம் இருக்கிறது. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. பதினான்கு வருடமாக இங்கே இணையதளம் செய்து தருகிறேன். லாட்ஜ், மெஸ், ருத்திராட்சக் கடை, யோகா வகுப்பு, மனை விற்பவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். ஒரு பக்கம், நான்கு படம், ஃபோன் நம்பர், பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழி. கீழே அந்த வருடத்தின் பௌர்ணமி தேதிகளைப் போட்டுவிட்டால் ஆட்கள் தானாகத் தேடி வருவார்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டொமைன் பெயர் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு வருடாவருடம் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் வருடம் கட்டுவார்கள், இரண்டாம் வருடம் மறந்துவிடுவார்கள், மூன்றாம் வருடம் வந்து என்னைக் கேட்பார்கள். அலுத்துப்போய், நானே ஊர்ப் பெயர் வருகிற மாதிரி ஒரு முகவரியை வாங்கினேன். அது கையில் இருந்தால், அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து எத்தனை பெயர் வேண்டுமானாலும் தரலாம். லாட்ஜின் பெயர், புள்ளி, ஊர்ப் பெயர். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தேன். மெயில் முகவரியும் அதிலேயே போட்டுக் கொடுத்தேன். எழுபது பெயர் வரை சேர்ந்தது.

அதில் ஒன்று அடி அண்ணாமலையில் இருக்கும் ஓர் அக்காவுடையது. விவசாயக் குடும்பம். கிரிவலப் பாதைக்குச் சற்று உள்ளே தள்ளி, மணிலாக்கொட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தின் ஓரத்தில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பனிக்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் வந்து தங்குவார்கள். அவர் பத்தாவது வரை படித்தவர். தங்க வந்தவர்களிடம் பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். "வெள்ளைக்காரங்க ஃபோன் பண்ண மாட்டாங்கம்மா. மெயில்தான் போடுவாங்க. அது மட்டும் நல்லா இருக்கணும்" என்று சொல்லித்தான் என்னிடம் பெயர் வாங்கினார்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. என் முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு எல்லாருக்கும் இருப்பது போல 'காம்' இருந்தது. அதை எடுத்துவிட்டு, கடைசிப் புள்ளிக்குப் பின்னால் ஊரின் பெயரே, தமிழ் எழுத்திலேயே இருந்தால் என்ன என்று தோன்றியது. இணையப் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் அமைப்பில் அப்படிப் புதிய முடிவுப் பெயர்களுக்கு விண்ணப்பம் வாங்கப்போகிறார்கள், அதற்கு முன்னால் கருத்துக் கேட்கிறார்கள் என்று ஒரு மெயில் வந்தது. எப்போதோ சென்னையில் நடந்த ஒரு பயிலரங்கில் என் முகவரியை எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

விவரத்தைப் படித்தேன். ஒரு முடிவுப் பெயருக்குக் கீழே வரும் எல்லாப் பெயர்களுக்கும் மூலப் பட்டியலை வைத்துக் காப்பவரைப் பதிவகம் என்கிறார்கள். எந்தப் பெயர் யாருடையது, அது எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, உலகில் யார் எந்த நேரம் கேட்டாலும் பதில் தருவது அதன் வேலை. நான் எழுபது பேருக்குச் செய்வதுதான், பெரிய அளவில். ஆனால் அதை நடத்த விண்ணப்பிப்பதற்கே நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று இருந்தது. வருடாவருடம் கட்டுவது அதற்கு மேலே தனி.

ஒரு மத்தியானம் அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டம் கணினி வழியாக நடந்தது. கதவைச் சாத்திவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். என் முறை வந்ததும், எழுதி வைத்திருந்த இங்கிலீஷைப் படித்தேன். எங்கள் ஊரின் கடைகள் அத்தனையையும் சேர்த்தாலும் பட்டியல் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். இரண்டு கோடியில் எங்கள் ஊரில் ஒரு லாட்ஜே கட்டிவிடலாம். ஒரு பட்டியலை வைத்துக்கொள்ள லாட்ஜ் கட்டும் பணம் எதற்கு? இந்தத் தொகை இருந்தால் பெரிய கம்பெனிகள்தான் உள்ளே வரும், ஊர்கள் வெளியே நிற்கும். இவ்வளவுதான் நான் சொன்னது. சிலர் கை தட்டும் படத்தைப் போட்டார்கள்.

எனக்கு அடுத்துப் பேசியவர் ஒரு சின்னத் தீவு நாட்டில் பதிவகம் நடத்துகிறவர். மெதுவாகப் பேசினார். பணம் கணினிக்காக இல்லை என்றார். விண்ணப்பிப்பவர் யார், அவர் நாளை காலையும் இருப்பாரா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு அது. அவர் போய்விட்டால் அவரை நம்பிப் பெயர் வாங்கியவர்களைக் கொஞ்ச காலமாவது தாங்க வேண்டும், அந்த யோசனையும் அதில் இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் ஒரு மாதம் இல்லாமல் போனால் உங்கள் வேலையை யார் செய்வார் என்று கேட்டார்.

"என் கணவர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

என் கணவர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு கோடியா. எங்க ஸ்கூலுக்கு காம்பவுண்ட் செவுரே கட்டலாமே."

"நான் இல்லன்னா நீங்க பாத்துப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"எத?"

"என் வேலைய."

"எனக்கு பாஸ்வேர்டே தெரியாதே."

"தேவைப்பட்டா சொல்றேன்."

"செரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். எனக்கும் அதைப் பற்றி மேற்கொண்டு பேச ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தத் தீவுக்காரர் மேல் கொஞ்சம் எரிச்சல் மட்டும் இருந்தது. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர் கதவைச் சாத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வருடம் ஐப்பசியில் எனக்குப் பித்தப்பையில் கல் என்று வேலூரில் சேர்த்தார்கள். மூன்று நாளில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் வைத்துக் காய்ச்சல் வந்து, பத்தொன்பது நாள் ஆயிற்று. அதில் முதல் பத்து நாள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. கணவர் லீவு போட்டுவிட்டு வார்டு வாசல் பெஞ்சில் கிடந்தார். என் ஃபோன் அவர் சட்டைப்பையில் இருந்தது. சத்தம் வரக்கூடாது என்று சைலண்டில் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். மெயில் வரவில்லை. என் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, அதன் கீழே செருப்பு விளம்பரமும் விமான டிக்கெட் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தன. பெயரின் காலம் முடிந்து, பணம் கட்டாததால், விற்ற கம்பெனி தன் விளம்பரப் பக்கத்தைப் போட்டிருந்தது. தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும்படிதான் கார்டைக் கொடுத்து வைத்திருந்தேன். சித்திரையில் பேங்கில் கார்டை மாற்றிக் கொடுத்தபோது புது நம்பரை அங்கே போட மறந்துவிட்டேன்.

கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா, நாலஞ்சு மெசேஜ் வந்துது. டொமைன் முடியுது, உடனே பணம் கட்டுன்னு. நீதான சொல்லிருக்க, அதெல்லாம் திருட்டுப் பசங்க அனுப்பறது, தொடாதீங்கன்னு. டெலிட் பண்ணிட்டேன்."

அது உண்மை. அப்படிப் பொய் நோட்டீஸ்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். பார்க்க அசல் மாதிரியே இருக்கும். எதையும் திறக்க வேண்டாம் என்று நான்தான் பலமுறை சொல்லியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வாரத் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். கார்டை எடுத்து வரச் சொன்னேன்.

நல்லவேளையாகப் பெயர் வேறு யார் கைக்கும் போகவில்லை. காலம் முடிந்த பிறகும் பழைய ஆளுக்கென்று கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள். பணத்தைக் கட்டினேன். எல்லா இடத்திலும் பழையபடி வேலை செய்ய இரண்டு நாள் ஆனது. மொத்தத்தில் பன்னிரண்டு நாள் எழுபது பெயரும் செத்துக் கிடந்திருந்தன. அந்தப் பன்னிரண்டு நாளில் வந்த மெயில்கள் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயிருந்தன. அவற்றை மீட்க வழியில்லை.

படுத்தபடியே ஒவ்வொருவராக ஃபோன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அதில் எனக்கு ஓர் ஆச்சரியம் இருந்தது. ஐம்பது பேருக்கு மேல் எதையும் கவனித்திருக்கவே இல்லை. ஒரு லாட்ஜ் முதலாளி, "அப்படியா? நமக்கு எல்லாம் ஃபோன்லதாங்க வருது. நீங்க ஒடம்பப் பாருங்க" என்றார். இத்தனை வருடம் நான் செய்த வேலை அவருக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருவர் மட்டும் கோபமாகப் பேசினார். அடி அண்ணாமலை அக்கா ஃபோனை எடுக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, வண்டியில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கணவர் என்னை ஸ்கூட்டியில் அங்கே கூட்டிப் போனார். அக்கா வாசலில் தார்ப்பாயை விரித்து மணிலாவைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். தண்ணீர் கொடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு அம்மா வருஷா வருஷம் வருவாங்க. மூணு மாசம் நம்மகிட்டதான் தங்குவாங்க. மெயில் போட்டிருக்காங்க, திரும்பி வந்திருக்கு. மறுபடி போட்டிருக்காங்க. மறுபடியும் திரும்பி வந்திருக்கு. நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டாங்க."

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேற எடத்துல மூணு மாசத்துக்கும் பணம் கட்டிட்டாங்க. போன வாரம் ரோட்ல என்னப் பாத்துட்டு கட்டிப் புடிச்சி அழுவுறாங்க. நான் அவங்கள சமாதானம் பண்ணி அனுப்பினேன்."

"எவ்ளோ நஷ்டம்னு சொல்லுங்கக்கா. நான் குடுத்துடறேன்."

"அத உடுங்க. உங்களுக்கு ஃபோன் பண்ணேன். ரிங் போய்க்கினே இருந்துது, யாரும் எடுக்கல. ஆபீஸுக்கு வந்தேன், பூட்டியிருந்துது. கீழ மருந்துக்கடையில கேட்டேன், ஆஸ்பத்திரின்னாங்க. அதுக்கப்புறம் நான் யாரக் கேக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கணவர் தார்ப்பாயின் ஓரத்தில் சிதறியிருந்த கொட்டைகளைப் பொறுக்கி உள்ளே போட ஆரம்பித்தார். கேட்பதற்கு வேறு ஆளே கிடையாது என்பதுதான் பதில், அதை அவரும் அறிந்துதான் கேட்டார்.

கிளம்பும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம தம்பி பொண்ணு பேங்க்ல இருக்கு. அது இலவச மெயில் ஒண்ணு போட்டுக் குடுத்துடுச்சி. இனிமே அதுவே போதும்" என்றார். கேட் பக்கத்துப் பலகையில் நான் கொடுத்த முகவரியின் மேல் வெள்ளை அடித்து, புதியதை எழுதியிருந்தார்கள். பெயின்ட் மெல்லிசாக இருந்ததால் பழைய எழுத்து அடியில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டணத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். வீட்டில் சும்மா இருந்த நாட்கள் அவை. இரண்டு கோடி கட்டுகிறவருக்கும் பித்தப்பையில் கல் வரும். ஆனால் அவர் படுத்தால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருவர் இருப்பார். அவ்வளவு பணம் புரட்ட முடிந்தவர் தனி ஆளாக இருக்க முடியாது. அந்த வகையில் கட்டணம் தான் செய்ய வந்த வேலையைச் செய்கிறது. என்னைப் போன்ற ஆளை வெளியே நிறுத்துகிறது. என்னை வெளியே நிறுத்தியது சரிதான் என்று ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின.

ஆனால் என்னோடு சேர்த்து அது வேறு பலரையும் நிறுத்துகிறது. பணம் இல்லாமலே பொறுப்பாக நடத்தக்கூடியவர்கள், ஒரு கூட்டுறவுச் சங்கமோ ஒரு கல்லூரியோ, அவர்களும் கேட்டுக்கு வெளியேதான். இரண்டாவது ஆள் வேண்டும் என்றால் இரண்டாவது ஆளைக் காட்டு என்று கேட்கலாமே. பட்டியலின் நகலை வேறு ஒருவரிடம் கொடுத்து வை, ஒரு வருடம் ஓட்டும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வை, நீ விழுந்தால் எடுத்து நடத்துகிறவர் யார் என்று எழுதிக் கொடு என்று கேட்கலாம். அதில் சிலவற்றை அவர்கள் ஏற்கெனவே கேட்கவும் செய்கிறார்கள். அப்படியென்றால் வாசலில் வாங்கும் தொகை இவ்வளவு பெரிதாக ஏன் இருக்க வேண்டும்? இதையே ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன். முதலில் நான் பேசியது பாதி தவறு என்றும் அதில் குறிப்பிட்டேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.

கட்டணம் பெரிதாகக் குறையவில்லை. வசதியில்லாதவர்களுக்குத் தள்ளுபடி தர ஒரு தனி வழி வைத்தார்கள். அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்தேன். நிறுவனம் என்ன, யார் யார் இருக்கிறீர்கள், பெயர் கிடைத்தால் எப்படி நடத்துவீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தது. நியாயமான கேள்விகள்தான். நான் விண்ணப்பிக்கவில்லை.

இருக்கிற பெயர்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் இ-சேவை மையம் நடத்தும் ஒரு பெண்ணிடம் பேசினேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், வேலையில் கறார். எல்லாக் கடவுச்சொற்களையும் அவளிடம் ஒரு பிரதி கொடுத்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் எல்லாப் பெயரையும் திறந்து பார்ப்பாள். இரண்டு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினேன். இதற்கெல்லாம் செலவு ஆகிறது, அதனால் புதிதாகப் பெயர் கேட்பவர்களிடம் இரண்டாயிரம் ரூபாய் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்தவர் திருவூடல் தெருவில் புதிதாக மெஸ் திறந்தவர். தொகையைக் கேட்டதும், "ஜாஸ்திங்க. பக்கத்துக் கடைக்கு சும்மா குடுத்தீங்கன்னு சொன்னாரே" என்றார்.

"முன்னாடி அப்படித்தான் குடுத்தேங்க. நடுவுல ஒரு தரம் பன்னெண்டு நாள் எல்லாம் நின்னு போச்சு. இப்ப நான் இல்லன்னாலும் பாக்கறதுக்கு ஒரு ஆள் போட்டிருக்கேன். அதுக்குத்தான் இது."

"அந்த ஆளு பக்கத்துக் கடையையும் பாப்பாங்க இல்ல?"

"பாப்பாங்க."

"அவருகிட்ட வாங்கினீங்களா?"

"இல்ல."

"அப்ப எல்லாருக்கும் காவலு, பணம் மட்டும் புதுசா வர்றவனா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் சரி என்று போனார், திரும்பி வரவில்லை. மேப்பில் கடையைப் போட்டுக்கொண்டு நன்றாகவே ஓட்டுகிறார். இரண்டொரு முறை அங்கே சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை வேங்கிக்கால் பெண்ணிடம் சொன்னேன். "அவர் கேட்டது செரிதான்க்கா" என்றாள். இரண்டாயிரத்தை எடுத்துவிட்டு, பழையவர் புதியவர் எல்லாருக்கும் வருடத்துக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தோம். கடிதம் அனுப்பியதும் இருபத்தெட்டு பேர் வேண்டாம் என்றார்கள். லாட்ஜ் முதலாளி, தன் தளம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். நாற்பதுக்குச் சற்று மேல் இப்போது இருக்கிறது. செலவுக்குச் சரியாக வருகிறது. எனக்கென்று மிஞ்சுவது கிடையாது.

இரண்டு கோடி அதிகம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எவ்வளவு இருந்தால் சரி என்று கேட்டால் என்னிடம் தொகை இல்லை. முந்நூறு ரூபாய்க்கே இருபத்தெட்டு பேர் போனார்கள். அவர்களில் யாருக்கு உண்மையில் பெயர் தேவைப்பட்டது, யாருக்குத் தேவைப்படவில்லை என்று அந்த முந்நூறை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை வேங்கிக்கால் பெண் ஃபோன் செய்தாள். ருத்திராட்சக் கடைக்காரர் ஒருவர் தை மாதம் இறந்துவிட்டார். கடையை மூடிவிட்டார்கள், மனைவி ஆரணியில் மகள் வீட்டில் இருக்கிறார். கட்டணம் வரவில்லை, ஆனால் அந்த முகவரிக்கு இன்னும் மெயில் வந்துகொண்டிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். எடுத்துவிடலாமா என்றேன். ஆரணிக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடலாம் என்றாள். நம்பர், அவர் மாத்திரை வாங்கி வந்த கீழ் மருந்துக்கடையில் கிடைத்தது. அந்த அம்மா, மெயில் யாரிடமிருந்து வருகிறது என்று விசாரித்தார். பெரும்பாலும் மாலை கேட்டு வருகிறது என்றேன். இன்னும் இரண்டு பெட்டி மாலை வீட்டில் இருக்கிறது, மகளை அனுப்புகிறேன், அவளுக்கு மெயில் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார். வருகிற புதன்கிழமை வருவதாகப் பேச்சு.